படகோட்டிக்கு வாதாடிய ரெங்கசாமி

ரெங்கசாமிக்கு யாரிடமும் கை நீட்டிப் பழக்கமில்லை. அதை அவரே ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார், யாரும் கேட்காமலே. போர்ட் கிள்ளான் துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் லோரி ஓட்டியவர். நடுவழியில் டயர் வெடித்தால் தானே இறங்கி மாற்றுவார். பின்னால் வருகிற லோரிக்காரன் வண்டியை நிறுத்தி, "அண்ணே, ஒரு கை பிடிக்கட்டா?" என்று கேட்டால், "நீ உன் ரோட்ட பாரு தம்பி" என்று விரட்டி விடுவார். சங்கத்தில் சேரச் சொல்லிப் போனவர்களுக்கும் அதே பதில்தான். சந்தாவும் கட்ட மாட்டேன், உங்கள் சலுகையும் வேண்டாம். சங்கம் போராடி வாங்கிய ஓவர்டைம் மட்டும் சம்பளத்தோடு சேர்ந்து வந்துவிட்டதால், அதைத் திருப்பிக் கொடுக்க வழி தெரியாமல் வாங்கிக்கொண்டார். இந்த மாதிரி ஆட்களால்தான் தொழிலாளர் இயக்கத்துக்குப் பாதி வழியில் மூச்சு வாங்குகிறது. ஆனால் ஆள் கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

சர்க்கரை வியாதியை ஆண்டுக்கணக்கில் டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு ஓட்டினார். அது ஒருநாள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டது. இரண்டு சிறுநீரகமும் போச்சு. கழுத்தில் ஒரு குழாயைச் சொருகி, கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் நிலையத்துக்கு அனுப்பி வைத்தார்கள். கோயில்காரர்களும் சர்ச்காரர்களும் சில சீன முதலாளிகளும் சேர்ந்து நடத்துகிற இடம். பாதிச் செலவு அரசாங்கத்தினுடையது, மீதி ஊராருடையது. ரெங்கசாமிக்கு அங்கேதான் முள் குத்தியது. தன் ரத்தம் அடுத்தவன் காசில் சுத்தமாகிறது என்ற நினைப்பே அவருக்குக் காய்ச்சலைக் கொண்டுவந்தது.

கழுத்துக் குழாய் தற்காலிகம். அதை ரொம்ப நாள் வைத்திருந்தால் கிருமி புகுந்துவிடும். கையில் சின்ன ஆபரேஷன் செய்து ரத்தக்குழாய்களை இணைத்துவிட்டால் அந்த வழியாகவே ஊசி போட்டுக் காலத்துக்கும் டயாலிசிஸ் செய்துகொள்ளலாம். ஆஸ்பத்திரியில் தேதியும் கொடுத்துவிட்டார்கள்.

காலத்துக்கும் என்ற அந்த வார்த்தைதான் ரெங்கசாமியின் தொண்டையில் நின்றது.

"தீபாவளி வரைக்கும் போறேன்," என்றார் மனைவி சீதாலெட்சுமியிடம். "அதுக்கப்புறம் நிப்பாட்டிருவேன். ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணி தேதிய கேன்சல் பண்ணிரு."

டயாலிசிஸை நிறுத்தினால் என்ன ஆகும் என்பது சீதாலெட்சுமிக்குத் தெரியும். டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்: சில நாட்கள், மிஞ்சினால் இரண்டு வாரம். செமினியில் இருக்கும் மகன் ஓடி வந்து அழுதான். "ஒன்ன யாருடா கூப்டா? வேலைக்கு போ," என்று அவனையும் விரட்டியாயிற்று. சீதாலெட்சுமி வாதாடப் போகவில்லை. கணவரின் பேச்சைப் பேசி மாற்றியவர் யாரும் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

அந்த நிலையத்தில் ரெங்கசாமியின் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலி லூசியுடையது. லூசி பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர். கல்யாணமாகிக் கிள்ளானுக்கு வந்து பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். ஆறு வருஷமாக டயாலிசிஸ். லூசியிடம் ரெங்கசாமிக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். அந்த அம்மாள் எல்லாவற்றுக்கும் நன்றி சொல்வார். ஊசி போட்டால் நன்றி, எடுத்தால் நன்றி. காலில் தசை பிடித்துக்கொண்டால், "மிஸ்ஸி, ஓடியாங்க, உயிரு போவுது!" என்று ஊரைக் கூட்டிக் கத்துவார், தாதி வந்து காலை நீவிவிட்டதும், "ஆண்டவர் ஒங்கள நல்லா வைக்கட்டும்மா" என்பார். இதென்ன பிச்சைக்காரப் பேச்சு என்று ரெங்கசாமி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

லூசியின் மகள் கிறிஸ்டின் பள்ளியில் ஐந்தாம் படிவம் படிப்பவள். பள்ளியிறுதி எஸ்.பி.எம். பரீட்சைக்குத் தமிழ் இலக்கியம் எடுத்திருந்தாள். வீட்டில் பாட நாவலைப் பற்றிப் பேச ஆளில்லை என்று மகள் புலம்பியதால், லூசியும் அதைப் படிக்கத் தொடங்கினார். வேறு நேரம் ஏது? டயாலிசிஸ் நாற்காலியில் கிடக்கிற நான்கு மணி நேரம்தான். ஆனால் ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது. ஒற்றைக் கையால் புத்தகத்தைப் பிடித்து, பக்கத்தையும் புரட்டப் போய், அது ஒரு நாள் பொத்தென்று தரையில் விழுந்தது.

"அண்ணே," என்றார் லூசி. "ஒங்களுக்கு ரெண்டு கையும் சும்மாதானே கெடக்கு?"

"அதுக்கு?"

"கழுத்துலதானே டியூப். அந்த புக்க எடுத்து கொஞ்சம் படிங்களேன். எனக்கும் கேக்கும், முத்தையா அண்ணனும் தூங்காம இருப்பாரு."

எதிர் நாற்காலி முத்தையா ஓய்வுபெற்ற பேங்க் குமாஸ்தா. "நான் எங்க தூங்குனேன்? கண்ண மூடி யோசிக்கிறேன்," என்றார், கண்ணைத் திறக்காமலே.

அடுத்தவரிடம் கேட்டு வாங்க மறுக்கும் ரெங்கசாமிக்கு, அடுத்தவர் கேட்டால் மறுக்கத் தெரியாது. அவருடைய வீராப்பில் இருந்த ஓட்டை அது. தாதி பிரியாவை அழைத்துப் புத்தகத்தை எடுத்துத் தரச் சொன்னார். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். தடுக்கித் தடுக்கி ஆரம்பித்தார். இரண்டாம் நாள் குரல் ஏறியது. நான்காம் நாள், இயந்திரம் அலாரம் அடித்தபோது, "இருங்க மிஸ்ஸி, இந்த பாரா முடியட்டும்," என்றார். பிரியா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "அங்கிள், பாரா ஓடிராது. ஒங்க பிளட்டுதான் ஓடுது!"

கதை இதுதான். காத்தமுத்து என்று ஒரு படகோட்டி. ஆற்றின் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆட்களை ஏற்றி இறக்குகிறவன். ஆற்றுக்கு மேலே பாலம் வருகிறது. படகில் ஏற ஆளில்லை. பாலத்துக் காவல்காரன் வேலை கொடுக்கிறார்கள். முகத்தில் அடித்தாற்போல் மறுக்கிறான். கம்பத்து ஊர் ஜனங்கள் அரிசி கொண்டுவருகிறார்கள், திருப்பி அனுப்புகிறான். நல்லம்மாள் என்ற பெண் சோற்றுச் சட்டியைக் கொண்டுவந்து படியில் வைக்கிறாள். அவளை வாய்க்கு வந்தபடி ஏசுகிறான். கடைசியில் பெரிய வெள்ளம். நாலு பேர் தோணி கட்டிக்கொண்டு வந்து கூப்பிடுகிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்து செத்துப்போகிறான்.

கடைசிப் பக்கத்தைப் படித்து முடித்த ரெங்கசாமி புத்தகத்தை நெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்தார். "ஆம்பள," என்றார். "இவன்தான் ஆம்பள."

"வழிகாட்டி நூல்லயும் அப்படித்தான் போட்டிருக்கு," என்றார் லூசி. "காத்தமுத்துவின் பண்புநலன், தன்மானம். 'இறுதி மூச்சுவரை எவரிடமும் எதையும் ஏற்காதவர்.' கிறிஸ்டின் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கா. கிளாஸ்ல எல்லாப் பிள்ளைங்களும் அதே வரியத்தான் எழுதுதுங்க, கமா கூட மாறாம."

"சரியாத்தானே எழுதுதுங்க."

"எனக்கு ஒப்பல அண்ணே. அது தன்மானம் இல்ல. வீம்பு."

"ஒனக்கு என்னா தெரியும்? நீ தொட்டதுக்கெல்லாம் தேங்க்யூ சொல்ற ஆளு."

லூசிக்கு வலித்திருக்கும். ஆனால் வேன் ஓட்டிய பெண். நாற்பது பிள்ளைகளின் கத்தலைத் தாண்டிப் பேசிப் பழகிய வாய்.

"ஆமா, சொல்றேன். சொன்னா என்னா, நாக்கு தேஞ்சிருமா? நீங்க சொல்லாம சேத்து வச்சி என்னா பண்ணப் போறீங்க, ஈ.பி.எஃப்ல போடப் போறீங்களா?"

முத்தையா கண்ணைத் திறந்துவிட்டார். பிரிக்பீல்ட்ஸில் எந்த மண்டபத்தில் பட்டிமன்றம் நடந்தாலும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மனிதர், உடம்பு முடியாமல் போனதிலிருந்து அதற்கு ஏங்கிக் கிடந்தவர். "நிறுத்துங்க ரெண்டு பேரும்! இப்படி சண்ட போட்டா தீராது. முறையா வழக்காடு மன்றம் வைப்போம். காத்தமுத்துவ கூண்டுல ஏத்துவோம். லூசி வழக்கு தொடுக்கட்டும். ரெங்கசாமி எதிர்வழக்காடட்டும். பிரியா மிஸ்ஸி நடுவர்."

"நான் ரத்தத்த பாப்பேனா, தீர்ப்பு சொல்வேனா?" என்றாள் பிரியா.

"ரெண்டும் ஒரே வேலதாம்மா. யாருக்கு எவ்வளவு அழுத்தம்னு பாத்து சொல்லணும்."

தீபாவளிக்கு முந்தைய வாரம் மன்றம் கூடியது. ரெங்கசாமி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். தான் கிளம்புவதற்குள் காத்தமுத்துவை நிரபராதியாக்கிவிட வேண்டும் என்ற வைராக்கியம் அவருக்கு. அவன் ஜெயித்தால் தானும் ஜெயித்த மாதிரி. இந்தக் கணக்கு அவர் மனதுக்கு மட்டும் தெரியும்.

எல்லோருக்கும் இயந்திரம் ஓடத் தொடங்கியதும், "அமைதி! அமைதி!" என்று முத்தையா கத்தினார். ஏற்கெனவே அமைதியாகத்தான் இருந்தது.

லூசி ஆரம்பித்தார். "நடுவர் அவர்களே, காத்தமுத்து செத்ததுக்கு நான் வழக்கு போடல. அது அவரு உயிரு. நான் போடுற வழக்கு நல்லம்மாளுக்காக. அந்தப் புள்ள என்னா தப்பு பண்ணுச்சி? சோறு கொண்டாந்துச்சி. ஏச்சு வாங்குச்சி. வெள்ளத்துல இடுப்பளவு தண்ணியில நின்னு கதவ தட்டுச்சி. கடைசி பக்கத்துல பாருங்க, அவளுக்கு மயிரு நரச்சப்புறமும் அதே படியில வந்து ஒக்காந்திருக்கா. 'இன்னும் கொஞ்சம் பலமாத் தட்டியிருக்கலாமோ'ன்னு நெனைக்கிறா. இவரு பாட்டுக்கு மானத்தோட போய்ட்டாரு. பாரத்த யாரு சொமக்கிறது? தானா செத்தாரு, ஆனா மிச்சம் இருந்தவங்கள எல்லாம் குத்தவாளி ஆக்கிட்டாரு. அதான் என் வழக்கு."

ரெங்கசாமிக்குச் செமினி மகன் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு அழுதது ஏனோ கண் முன்னே வந்தது. அதை ஒதுக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"நடுவர் அவர்களே. லூசி நல்லா பேசுனாங்க. ஆனா ஒரு மனுசன் தன் கையால சம்பாதிச்சி தின்னவன். அவன் வாழ்க்கையில யாருகிட்டயும் ஒரு வாய் வாங்கித் திங்கல. கடைசி நாள்ல வாங்குன்னா எப்படி வாங்குவான்? அவனுக்குன்னு இருந்தது அது ஒன்னுதான். அதையும் கேட்டா எப்படி? ஆதாரம் இருக்கு. படிக்கிறேன்."

நல்லம்மாளை அவன் ஏசுகிற அத்தியாயத்தைப் புரட்டி எடுத்தார். தெருக்கூத்துக்காரரைப் போல் குரலை உயர்த்தினார். "'எடுத்துக்கொண்டு போ உன் சோற்றை! காத்தமுத்து பிச்சையெடுக்கப் பிறக்கவில்லை!' கேட்டீங்களா நடுவரே? பிச்சையெடுக்கப் பிறக்கவில்லை! அப்புறம், 'நல்லம்மாள் சட்டியைப் படியிலேயே வைத்துவிட்டு அழுதுகொண்டு ஓடினாள். மறுநாள் விடிந்தபோது சட்டி படியில் கவிழ்ந்திருந்தது. கழுவியிருந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு...'"

நின்றுவிட்டார்.

"என்னாண்ணே, பக்கம் கிழிஞ்சிருச்சா?" என்றார் லூசி.

ரெங்கசாமி அந்த வரியை மறுபடியும் மனதுக்குள் படித்தார். முதல் தடவை படித்தபோதும் இதே வாய்தான் படித்தது. அப்போது காதில் விழவில்லை. லோரிக்காரர்கள் வட்டாரத்தில் ஒரு பழக்கம் உண்டு. வழியில் ஒருவன் வீட்டுச் சாப்பாட்டை இன்னொருவனுக்குக் கொடுத்தால், தின்றவன் பாத்திரத்தைக் கழுவித்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுப்பது தெரியும் அவருக்கு. கழுவி வந்த எத்தனையோ மங்குப் பாத்திரங்களை வாங்கி சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறார்.

"கழுவியிருக்கான்," என்றார் மெதுவாக.

"யாரு?"

"காத்தமுத்துதான். சட்டிய கழுவி கவுத்து வச்சிருக்கான். திங்காத சட்டிய எவன்லா கழுவுவான்? திங்கலன்னா சோறு அப்படியே கெடந்து எறும்பு மொச்சிருக்கும். இவன் தின்னிருக்கான். தின்னுட்டு, அந்தப் புள்ளைக்கி அழுக்கு சட்டிய குடுக்கக் கூடாதுன்னு கழுவியும் வச்சிருக்கான்."

முத்தையா கைதட்டப் போய், ஊசி ஞாபகம் வந்து தொடையில் தட்டிக்கொண்டார். "யோவ் ரெங்கசாமி! நீ எந்தக் கட்சிய்யா? ஒன் கட்சிக்காரனையே காட்டிக் குடுத்துட்டியே!"

கூடமே சிரித்தது. லூசி மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப என் வழக்கும் போச்சு," என்றார். "நான் அவர கல்லுன்னு நெனச்சேன். கல்லு பாத்திரம் கழுவாது."

"அங்கிள், அப்ப வெள்ளத்துல மட்டும் ஏன் போகல?" என்று கேட்டாள் பிரியா. நடுவராகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

ரெங்கசாமி புத்தகத்தை மூடி மடியில் வைத்தார்.

"சோறு தின்னது யாருக்கும் தெரியாதும்மா. தோணியில ஏறுனா நாலு பேரு பாப்பாங்கல்ல. வாங்கத் தெரியும் அவனுக்கு. பாக்க வச்சி வாங்கத்தான் தெரியல. அது ஒன்னு தெரியாமத்தான் செத்தான், பாவி."

பிரியா தீர்ப்பை எழுதிக்கொண்டு வந்திருந்தாள், அதைப் படிக்கவில்லை. "எனக்கு இப்ப ஒன்னும் சொல்ல வரல. அடுத்த பேஷன்ட்டுக்கு டைம் ஆச்சி, மன்றம் கலையுது," என்றாள். பிறகு கிறிஸ்டின் இதை ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறாள். ஆசிரியர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அட, ஆமா" என்று சொல்லி, பரீட்சையில் வழிகாட்டி நூலின் பதிலை முதலில் எழுது, இதை அடுத்த பத்தியில் மேற்கோளோடு எழுது என்று சொன்னாராம். பரீட்சை பரீட்சைதானே.

அன்றைக்குக் குழாயைக் கழற்றி மூடிய பிறகும் ரெங்கசாமி நாற்காலியை விட்டு எழவில்லை. இந்தக் கூடத்தில் தான் மாதக்கணக்காகச் செய்துகொண்டிருப்பது என்ன என்று யோசித்தார். ஊரார் கொடுத்ததை ஒவ்வொரு தடவையும் வாங்கிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது. பிரியா மூன்று வேளை ஷிப்டில் நின்று கால் வீங்கியிருக்கிறாள் என்பதை அவர் அன்றுதான் பார்த்தார். துணை நிற்கிற மனிதர்கள் கண்ணுக்குத் தெரிவதற்குக் கழுத்தைத் திருப்ப வேண்டும். எத்தனை கூட்டம் போட்டுச் சொன்னாலும் ஏறாத பாடம் அது. ஒரு சோற்றுச் சட்டி அதைச் சொல்லிவிட்டது. சொல்லட்டும். யார் சொன்னால் என்ன.

"லூசி," என்றார், கிளம்பும்போது.

"என்னண்ணே?"

"நான் முன்ன ஒன்னு சொன்னேன். தேங்க்யூ பத்தி."

"ஆமா, சொன்னீங்க."

"அத விட்ரு."

"விட்டு ரொம்ப நாளாச்சி," என்றார் லூசி. "அடுத்த வாட்டி கவித புக்கு கொண்டாறேன். கிறிஸ்டினுக்கு அதுலயும் கேள்வி வரும். நீங்கதான் படிக்கணும்."

அடுத்த வாட்டி என்ற சொல் இந்த முறை தொண்டையில் நிற்கவில்லை. ரெங்கசாமி தலையை ஆட்டினார்.

வெளியே சீதாலெட்சுமி காரோடு காத்திருந்தார். பள்ளிக்கூட கேன்டீன் வேலையை முடித்துவிட்டு நேராக வந்தவர். சேலையில் நெத்திலி வாசம். ரெங்கசாமி ஏறி உட்கார்ந்தார். தெங்கு கிளானா சாலையில் தீபாவளி நெரிசல். கடைகளுக்கு முன்னால் முறுக்கு டின்களும் விளக்குச் சரங்களும் ரோடு வரைக்கும் வந்திருந்தன. கார் நகரவில்லை.

"சீதா."

"ம்."

"ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு, கை ஆபரேஷனுக்கு வேற தேதி கேளு."

சீதாலெட்சுமி முன்னால் நின்ற காரின் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "எதுக்கு வேற தேதி?"

"நீதான் கேன்சல் பண்ணிட்டியே."

"யாரு சொன்னா?"

"நான் சொன்னேன்ல, பண்ணுன்னு!"

"சொன்னீங்க. நான் பண்ணல. தீபாவளி முடிஞ்சி புதன்கெழம, காலையில ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க."

ரெங்கசாமிக்கு முதலில் கோபம்தான் வந்தது. பழைய பழக்கம், சட்டென்று போகுமா? இந்தப் பெண்பிள்ளை இத்தனை வாரமாகத் தனியாக அந்தத் தேதியைச் சுமந்துகொண்டு, தன்னை ஏற்றி இறக்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் காத்திருந்திருக்கிறாள். வர மாட்டேன் என்று அந்தப் புதன்கிழமையும் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாள்? தட்டிக்கொண்டே இருந்திருப்பாள். தலை நரைத்து உட்காரும் வரைக்கும்.

"பையனுக்கு போன் பண்ணு," என்றார். "புதன்கெழம லீவு போட்டுட்டு வரச் சொல்லு. நீ தனியா அங்க கெடந்து அல்லாட வேணாம். எனக்கும் அவன் இருந்தா தேவல."

சீதாலெட்சுமி கண்ணைத் துடைக்கப் போனதில் கை தவறி இண்டிகேட்டரைத் தட்டிவிட்டார். கார் போகாத பக்கத்துக்கு விளக்கு டிக் டிக்கென்று அடித்தது. பின்னால் இருந்தவன் ஹாரனை அழுத்தினான்.

"ரொம்ப..." என்று ஆரம்பித்தார் ரெங்கசாமி. மீதி வரவில்லை. லோரியை மலையேற்றுகிற மாதிரி கியரைக் குறைத்து மறுபடியும் ஆரம்பித்தார். "ரொம்ப நன்றி."

சீதாலெட்சுமி திடுக்கிட்டுத் திரும்பினார். பிறகு ஜன்னலுக்கு வெளியே, பூ விற்கிறவள் யாராவது நிற்கிறாளா என்று எட்டிப் பார்த்தார்.

"யாருக்கு சொல்றீங்க?"

"ஒனக்குத்தான்லா! வண்டியில வேற யாரு இருக்கா?"